பீதர் வெள்ளிக் கம்பி வேலை: எடை போட்டு வாங்கக் கூடாத சரக்கு

மயில் துத்தம், நவச்சாரம், குங்கிலியம், விளக்கெண்ணெய். நம் உறுப்பினர்கள் பலருடைய கடைகளில் இந்த நான்கும் மூலை டப்பாக்களில் உறங்கும் சரக்கு. கர்நாடக மாநிலம் பீதர் நகரிலோ ஒரு பெருங்கைத்தொழில் இவற்றை நம்பியே நடக்கிறது. பண்டிகைக் காலத்தில் மளிகையோடு பரிசுப் பொருள்களையும் வைத்து விற்போருக்கு உதவும் என்று அத்தொழிலின் செய்முறையை இங்கே தருகிறோம்.

பாமினி சுல்தான்கள் 15ஆம் நூற்றாண்டில் பீதரைத் தலைநகராக்கினர். அங்கே வளர்ந்த வேலை என்பதால் ஊர்ப் பெயராலேயே ‘பித்ரி’ எனப்படுகிறது. ஹுக்கா அடிப்பாகம், பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி என அக்காலச் செல்வர் வீடுகளுக்குப் போனது. கரிய உடலில் வெள்ளிக் கோடுகள் பளிச்சிடுவதே இதன் அடையாளம்.

உடல் இரும்பும் அல்ல, பித்தளையும் அல்ல. ஏறக்குறைய 16 பங்கு துத்தநாகத்துக்கு 1 பங்கு செம்பு சேர்ந்த கலவை. விளக்கெண்ணெயும் குங்கிலியமும் கலந்து பிசைந்த மண்ணில் அச்சு எடுத்து வார்க்கிறார்கள். அரத்தால் ராவி வழவழப்பாக்கிய பின் மயில் துத்தக் கரைசலைப் பூசினால் மேற்பரப்பு தற்காலிகமாகக் கறுக்கும். அந்தக் கறுப்பின் மேல் கூரிய ஊசியால் கோடு போட்டால் சித்திரம் தெளிவாகத் தெரியும்.

இனிமேல்தான் உண்மையான பாடம். கோட்டின் வழியே சிற்றுளியால் பள்ளம் வெட்ட வேண்டும். பள்ளம் ஒரே ஆழமாக இருக்க வேண்டும். உளி போகும்போது இரு கரைகளிலும் உலோகம் மெல்லிய வரப்பாக எழும்ப வேண்டும். வெள்ளிக் கம்பியைப் பள்ளத்தில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டும்போது மென்மையான வெள்ளி பள்ளத்தை நிறைக்கிறது; வரப்பும் மடிந்து அதைக் கவ்விக் கொள்கிறது. பசை கிடையாது, பற்றாசு கிடையாது. வெறும் பிடிப்புதான். கம்பி பதிக்கும் இம்முறைக்குத் தார்கஷி என்று பெயர். வெள்ளித் தகட்டை வெட்டிப் பதிக்கும் முறைகளும் உண்டு.

இதைப் பயில்கிறவர் முதலில் நேர்கோடு, பிறகு வளைவு, அதன் பின் கொடியும் இலையும் என்று போவதே முறை. வளைவில்தான் கை சோதிக்கப்படும். உளி அங்கே சற்றுத் தயங்கினாலும் பள்ளம் மேடாகி, கம்பி மேலாக நின்றுவிடும். இதில் சங்கடம் என்னவென்றால், பதித்து ராவி முடித்த நிலையில் உடலும் வெள்ளியும் ஒரே வெளிர் நிறமாக இருக்கும். குறை எளிதில் கண்ணில் படாது.

கறுப்பேற்றும்போது எல்லாம் வெளிவந்துவிடும். பீதர் கோட்டையின் பழைய பகுதிகளில், வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணை நவச்சாரத்தோடு நீரில் கலந்து காய்ச்சிப் பொருளுக்கு ஏற்றுகிறார்கள். துத்தநாகக் கலவை கறுக்கும், வெள்ளி மட்டும் கறுக்காது. மண் சரியானதா என்று கைவினைஞர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெல்லத்தையும் புளியையும் வாயில் போட்டு விலை சொல்லும் நமக்கு இது விந்தையாகத் தோன்றாது. கடைசியில் எண்ணெய் தடவித் துடைத்தால் வேலை முடிந்தது.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். கைக்கு அடங்கும் ஒரு டப்பாவில் ஏறியிருக்கும் வெள்ளி சில கிராம்தான். மீதி எடை துத்தநாகம். தராசில் வைத்து, வெள்ளி விலையைக் கணக்கிட்டு, ‘இதற்கு இவ்வளவா?’ என்று கேட்பவர், வெட்டிய பள்ளத்துக்குக் கூலி இல்லை என்று சொல்கிறார். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அடிமாட்டு வேலைதான் வரும்: பள்ளம் ஆழம் குறையும், கம்பி மெலியும், கோடுகள் குறையும். பிறகு கம்பி எழும்பினால் வாடிக்கையாளர் பீதருக்குப் போக மாட்டார், நம் கடைக்குத்தான் வருவார்.

சரக்கைப் பார்த்து எடுக்கக் கைவிரலே போதும். நகத்தால் கோட்டின் குறுக்கே வருடுங்கள். நல்ல தார்கஷியில் நகம் தட்டாது. தட்டினால் கம்பி எழும்பியிருக்கலாம், அல்லது மேலே பூசிய வண்ணமாக இருக்கலாம். காந்தம் ஒட்டினால் உடலில் இரும்பு இருக்கிறது, அதைத் தள்ளிவிடலாம். தஞ்சாவூர்த் தட்டோடு இதை ஒப்பிட்டு விலை பேசுவோரும் உண்டு. அது தகட்டில் உருவத்தைப் புடைத்து எழுப்பும் வேலை, இனமே வேறு.

பித்ரி வேலை 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. பீதரைச் சேர்ந்த கைவினைஞர் ஷா ரஷீத் அகமது காத்ரிக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விற்பனையின்போது இவற்றைச் சொல்லலாம். ஆனால் வாடிக்கையாளருக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு: புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கக் கூடாது. புளிப்பு துத்தநாகத்தை அரிக்கும், கறுப்பும் போய்விடும். அதனாலேயே உணவுப் பண்டம், ஊறுகாய் வைக்கவும் ஆகாது. மெல்லிய துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். வார்ப்புப் பொருளாதலால் கீழே விழுந்தால் விரிசல் விடும். தனித்தனியாகத் துணியில் சுற்றி, உப்பு மூட்டைக்கும் புளிக் கூடைக்கும் எட்டாத அலமாரியில் வைக்கவும்.