சனிக்கிழமை முழுக்கு



சென்ற ஆண்டு எமது வகுப்பில் ஔவையாரின் ஆத்திசூடியைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். சனிக்கிழமையில் நீராடும்படி கூறும் அடி வந்தது. வாரந்தோறும் அந்நாளில் எண்ணெய் தேய்த்து முழுக வேண்டும் என்று பழைய உரைகாரர் அதற்குப் பொருள் கூறுவர் என விளக்கினோம். கடைசி வாங்கில் அமர்ந்திருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், சனிக்கிழமை எங்களுக்குத் தமிழ் வகுப்பு, அப்பாவுக்கு ஓவர்ரைம். பிறகு ஆர் முழுகுறது?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, அவனுடைய தந்தையார் கார் ஆசனத்திலேயே தலை சரிந்து உறங்கிக்கொண்டிருந்தார். இரவு வேலை முடித்து நேரே வந்தவர். மகன் கண்ணாடியைத் தட்டி எழுப்பியபோது கழுத்தைத் திருப்ப முடியாது வருந்தினார். அம்மாணவனின் வினாவுக்கு அன்று நாம் உரிய விடை கூறவில்லை. அதனை இங்கே கூற முயல்கின்றோம்.

உடல் ஏன் இவ்வாறு இறுகுகின்றது? இதனை ஆராய்ந்தவருள் முதன்மையானவர் கனடாவில் வாழ்ந்தவரே. 1907இல் வியன்னாவில் பிறந்த ஹான்ஸ் செல்யே, எம்மைப் போல் பிற நாட்டிலிருந்து இங்கு வந்தவர். மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுகையில், 1936இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். கடுங்குளிர், காயம், அளவு கடந்த உழைப்பு என இன்னல் எதுவாயினும், எலிகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்களே தோன்றுகின்றன என்பது அதன் சாரம். உடல் முதலில் விழிப்படையும், பின்னர் தாக்குப்பிடிக்கும், இன்னல் நீடித்தால் இறுதியில் சோர்ந்து வீழும்.

மனிதருக்கும் இது பொருந்தும். வாடகை நாளும் மேற்பார்வையாளரின் கடுமுகமும் நள்ளிரவில் ஊரிலிருந்து வரும் தொலைபேசியும் உடலுக்கு ஆபத்தாகவே தோன்றுகின்றன. அதிரினலின் முதலிய சுரப்புகள் பெருகி, தாடை இறுகி, தோள் உயர்ந்து, கழுத்துத் தசை கல்லாகின்றது. ஆபத்து நீங்கியதும் அவை தளர வேண்டும். ஆனால், ஆபத்து நீங்கிவிட்டதென்று அகதியின் உடலுக்கு எவர் சொல்வது? இந்நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் சென்றும், வைத்தியசாலைக்குச் செல்லும் உலங்குவானூர்தியின் ஓசை கேட்டால் எமது தோள் தானாகவே உயர்கின்றது.

ஊரில் முழுக்கு என்பது வெறும் குளியலன்று. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என நாள் வகுத்திருந்தனர். எமது பாட்டியார் நல்லெண்ணெயில் மிளகும் உள்ளியும் இட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உச்சியில் வைத்துத் தேய்ப்பார். பின்னர் கழுத்து, தோள், முதுகு, கால் எனக் கீழ்நோக்கி உருவுவார். எண்ணெய் ஊறும்வரை முற்றத்தில் காத்திருந்து, சீயக்காயும் தேசிக்காயும் தேய்த்துக் கிணற்றடியில் முழுகுவோம். அன்று வெயிலில் அலையலாகாது, கடும் வேலை ஆகாது, பகலுறக்கமும் ஆகாது. (இறுதி விதியை மட்டும் நாம் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.)

"இன்று ஓய்வெடு" என்றால் எவரும் கேளார். தலையில் எண்ணெய் வைத்துவிட்டாலோ வெளியே செல்ல வழியில்லை! முழுக்கின் பயனில் பெரும்பகுதி இந்தக் கட்டாய ஓய்விலும், அன்புள்ளவர் கைபட்டு உருவுவதிலும் இருந்தது என்பது எமது கருத்து. எண்ணெய் உடலின் நஞ்சை இழுத்தெடுக்கும் என்போர் கூற்றுக்குச் சான்றில்லை. தசையை உருவுதல் கழுத்துவலி, இடுப்புவலியைச் சில காலம் தணிக்கும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. அடியோடு நீக்கும் என்று காட்டவில்லை. ஆதலின் வாரந்தோறும் என்றது பொருத்தமே.

சனிக்கிழமை இயலாதெனின் ஞாயிறு மாலை ஆகட்டும். தொடர்மாடியில் எண்ணெயை அடுப்பில் காய்ச்சிப் புகைமணியை அலறவிட வேண்டாம். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்தாற் போதும். குளியல் தொட்டிக்குள் நின்று எண்ணெய் பூசலாகாது, வழுக்கி விழுந்து எலும்பு முறியும். குசினியில் பழைய துவாய் விரித்து, முக்காலியில் இருத்திப் பூசுக. மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடற்க. காய்ச்சலுள்ளவரையும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவுடையவரையும் உருவலாகாது. கால் வீக்கம் குருதிக்கட்டியாக இருக்கக்கூடும், வைத்தியரிடம் செல்க. நெஞ்சு நோவும் இடக்கை உளைவும் சேர்ந்து வந்தால் எண்ணெயைத் தேடாது உடனே 911ஐ அழைக்க.

பெற்றோர்க்கு இன்னொன்று. ஒன்ராறியோவில் மசாஜ் சிகிச்சை 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அரச மருத்துவக் காப்புறுதி அதற்குப் பணம் தராது. எனினும் வேலைத்தலக் காப்புறுதிகள் பல, பதிவுபெற்ற சிகிச்சையாளரிடம் செல்லும் செலவில் ஒரு பகுதியை ஏற்கின்றன. உங்கள் காப்புறுதிக் கையேட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மாணவர்களே, எண்ணெயின்றியும் தசையைத் தளர்த்தலாம். சிக்காகோ வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட முறையைத் தழுவியது இது. தோள்களைக் காதுவரை உயர்த்தி 5 விநாடி இறுக்குக. பின் சட்டென விடுத்து, 20 விநாடி அத்தளர்ச்சியைக் கவனித்திருக்க. இவ்வாறே கை, தாடை, கால் என ஒவ்வொன்றாகச் செய்க. பரீட்சைக்கு முதல்நாள் இரவு படுக்கையில் செய்து பாருங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டில் முழுக்கு எண்ணெயில் என்னென்ன இட்டுக் காய்ச்சினர் என்பதை அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கேட்டு ஐந்து வசனங்களில் எழுதுக. கேட்கும்போது அவருடைய தோளையும் சற்று உருவிவிடுக.