டாக்டர் சீட்டு பாலிசி ஆகாது

நல்லூர் தையல் கம்பெனிகளில் பவர்டேபிள் வைத்திருப்பவர் முதல் கைமடிப்பவர் வரை எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "இனி டெய்லர் வேலை பார்க்க முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டா இன்சூரன்ஸ்ல முழுப் பணமும் வந்துருமுங்க." வராது. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, வதந்திக்கு மட்டும் அலுக்கவே இல்லை.

டாக்டர் சொல்வது உடம்பின் நிலை. பணம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது, ஊனம் என்றால் என்ன என்று பாலிசியில் எழுதியிருக்கும் வரி. கட்டிங் மெஷினில் ஒரு கட்டிங் மாஸ்டரின் கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரால் இனித் துணி வெட்ட முடியாது. யார் என்ன தருவார்கள்?

பாலிசியோடு சேர்த்து எடுக்கும் எல்.ஐ.சி. விபத்து ஊன ரைடர் கேட்பது, 'இனி எந்த வேலையும் செய்து எந்த வருமானமும் ஈட்ட முடியாதா?' என்று. கேட்டில் வாட்ச்மேனாக உட்கார முடியும் என்றால் கதை முடிந்தது. வருடம் 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இரு கண், இரு கை அல்லது இரு கால் போனால் 2 லட்சம். ஒன்று போனால் 1 லட்சம். விரலுக்குப் பைசா கிடையாது.

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே" என்பார்கள். சொல்லியிருக்கிறது. முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சர் இனித் தச்சு வேலை பார்க்க முடியாது, ஆகவே அது முழு ஊனம் என்று 1975-இல் தீர்ப்பானது. தச்சருக்கோ டிரைவருக்கோ ஒரு கை போனால் சம்பாத்தியமே போனது மாதிரி; அரசு குமாஸ்தாவுக்கு வேலை தங்கலாம் என்று ராஜ்குமார் வழக்கில் 2010-இல் அதே கோர்ட் விளக்கியது. ஆனால் முதலாவது தொழிலாளர் இழப்பீட்டு வழக்கு, அடுத்தது சாலை விபத்து வழக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்ட பாலிசிக்கு அதில் உள்ள வாசகம்தான் சட்டம். தனியார் பாலிசி எடுக்கும் முன் ஏஜென்ட்டிடம் கேளுங்கள்: "நான் இப்போது பார்க்கும் வேலையா, எந்த வேலையுமா?" பதிலை வாயால் வாங்காதீர்கள், பாலிசியில் காட்டச் சொல்லுங்கள்.

மற்றக் கட்டுக்கதைகள் இரண்டு. ஊன அடையாள அட்டையில் 40 சதவீதம் என்றால் பாலிசிப் பணத்திலும் 40 சதவீதமா? இல்லை, அந்த அட்டை அரசுச் சலுகைகளுக்கானது. புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கிடையாதா? உண்டு, வேலைக்காயத்துக்குக் காத்திருப்புக் காலம் இல்லை. வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் சேரும்.

அந்தக் கட்டிங் மாஸ்டருக்கு உருப்படியாகக் கைகொடுப்பது இந்த இ.எஸ்.ஐ.தான். அதன் அட்டவணையில் சம்பாதிக்கும் திறன் இழப்பு கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14. சராசரி தினக்கூலி 500 என்றால் இ.எஸ்.ஐ. கணக்கில் எடுக்கும் 90 சதவீதம் 450. அதில் 30 சதவீதம், நாளுக்கு 135. மாதம் நாலாயிரம் சொச்சம், ஆயுள் முழுக்க. வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் இது நிற்காது.

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "இ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டாம், கையில் குடுங்க" என்று கேட்கிறார்கள்! பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், 15,000 ரூபாய்க்கு 113 ரூபாய். அதை மிச்சம் பிடித்து ஆயுள்காலப் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள். கணக்கில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் ஊனத்துக்கு வரும் பணமும் அதே அளவு குறையும். பத்துப் பேருக்குக் குறையாத கம்பெனியில் மாதம் 21,000 வரை வாங்கும் எவருக்கும், பீஸ் ரேட்டாக இருந்தாலும் காண்ட்ராக்டர் வழியே வந்தாலும், இ.எஸ்.ஐ. உரிமை. உங்கள் இ.எஸ்.ஐ. நம்பரில் இந்த மாதம் பணம் கட்டியிருக்கிறார்களா, எந்தச் சம்பளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்? மெஷின் விரலைத் தொடும் முன் பார்த்துவிடுங்கள்.