சொன்ன குறை தொலையாதிருக்க

தோட்டக் கூட்டுறவுக் கடையில் அரிசி தரமாக இல்லை என உறுப்பினர் ஒருவர் கடைக்காரரிடம் சொல்கிறார். கடையை நேரத்தோடு மூடிவிடுகின்றனர் என மற்றொருவர் செயலாளரிடம் வருந்துகிறார். ஆண்டுக் கூட்டம் வரும்போது, யார் சொன்னார், எத்தனை பேர் சொன்னார்கள் என்பதற்குச் சான்று இராது. குறை இருந்தும் அது கணக்கில் ஏறுவதில்லை.

பால் நிறுக்கும் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவர் பாலும் தனியே நிறுக்கப்பட்டு, அவரவர் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. எழுதாமல் தொட்டியில் கொட்டிவிட்டால், யார் பால் எவ்வளவு என்று பின்னர் எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. கருத்துகளையும் வரும்போதே பிரித்துப் பதிதல் வேண்டும். கைப்பேசியில் நிரப்பும் இணையப் படிவமும், சங்கக் கணினியில் அமையும் தரவுத்தளமும் இதற்குத் துணைபுரியும்.

படிவம்

கூகுள் படிவத்தைக் கட்டணமின்றி அமைக்கலாம். ஒரு கேள்வியில் ஒரு பொருளையே கேட்க வேண்டும். "அரிசியின் தரமும் விலையும் திருப்திதானா?" என்று கேட்டால், "இல்லை" என்னும் விடை எதனைக் குறிக்கும்? தரத்திற்கு ஒன்று, விலைக்கு ஒன்று எனக் கேள்விகள் இரண்டாதல் வேண்டும். எண்ணிக்கை எடுக்க வேண்டியவற்றுக்குத் தேர்வு விடைகளைக் கொடுங்கள். மனத்தில் உள்ளதை எழுத இறுதியில் ஓர் இடம் விடுங்கள். கைப்பேசி இல்லாதவர் சொல்வதைச் செயற்குழுவினர் ஒருவர் கேட்டு, அதே படிவத்தில் நிரப்பலாம்.

தரவுத்தளம்

வந்த விடைகளைச் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, மைக்ரோசாப்ட் அக்சஸ் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் தரவுத்தளத்தில் சேர்க்கலாம். உறுப்பினர் விவரம் ஓர் அட்டவணையிலும் குறைகள் மற்றோர் அட்டவணையிலும் இருக்கட்டும். உறுப்பினர் எண் இரண்டையும் இணைக்கும். அட்டவணைகளை இவ்வாறு தொடர்புபடுத்தும் முறையை 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் விளக்கி எழுதினார்.

மூன்று செய்திகளில் விழிப்பு வேண்டும். உறுப்பினர் எண்ணை எழுத்து வகையாகக் குறிக்காவிடில், 0047 என்பது 47 ஆகிவிடும். 3/4 என்னும் தேதி ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்ற மயக்கம் நேரலாம். முன்பே சேர்த்த விடை மீண்டும் சேர்ந்தால், ஒரு குறை இரண்டாகும்.

நம்பிக்கை

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் படிவத்திலேயே தெரிவியுங்கள். தேவையற்ற அடையாள அட்டை எண்ணைக் கேளாதீர்கள். குறை சொன்னவர் யார் என்பது கடையில் இருப்போர்க்குத் தெரியாதவாறு கடவுச்சொல் இட்டுக் காத்திடுங்கள். அச்சமிருக்கும் இடத்தில் உண்மை வாராது.

இறுதியாக, குறை அட்டவணையில் "எடுத்த நடவடிக்கை", "நாள்" என இரு பத்திகள் சேருங்கள். அவை வெறுமையாக உள்ள குறைகளை ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் உரக்கப் படியுங்கள். பதிந்து வைப்பது பாதி வேலை. பதில் சொல்வதே மீதி.