சவுக்குப் பாரமும் கிராமச் சாலையும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலை நகரை விட்டு வெளியேறும் இடம் கோரிமேடு. 1954ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியின் எல்லை இங்கே இருந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் தமிழ்நாட்டின் வானூர் வட்டாரத்துக்கும் இடையே எல்லையாக இருக்கிறது. ஜிப்மர் மருத்துவமனையும் இச்சாலையின் மேலேயே உள்ளது. நோயாளிகளை ஏற்றிய வண்டிகள் விரையும் இச்சாலையிலேயே, செம்மண் மேட்டுத் தோப்புகளில் வெட்டிய சவுக்கு மரங்களைச் சுமந்த டிராக்டர்களும் லாரிகளும் செல்கின்றன. மரம் வளர்ப்பது பற்றி நம் விவசாயிகளுக்குப் பிறர் சொல்லித் தரவேண்டியது குறைவு. வளர்த்த மரத்தைச் சேதமின்றி விற்பனை இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது பற்றியோ சிந்திக்க வேண்டியது நிரம்ப உண்டு.

முன்னாளில் மரம் இழுப்பது யானைக்கும் மாட்டுக்கும் உரிய வேலையாக இருந்தது. ஆனைமலையில் வெட்டிய மரங்களை மலைச்சரிவில் உருட்டி விட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. சமவெளியில் சவுக்கின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டிக் கடற்கரை மணற்பாங்கில் இதைப் பயிரிடலானார்கள். ரயில்களுக்கு விறகு வேண்டாத இந்நாளில் சாரக் கழியாகவும், பந்தற்காலாகவும், எரிபொருளாகவும், இவற்றினும் மேலாகக் காகித ஆலைக்குரிய கூழ் மரமாகவும் சவுக்கு விலைபோகிறது. கரூர் மாவட்டம் புகளூரிலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையோடு சவுக்கையும் தைல மரத்தையும் பயன்படுத்துகிறது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து அவ்வாலைக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஆகவே மரத்தின் விலையில் ஒரு பெரும் பங்கு வண்டிச் சக்கரத்திலேயே கரைகிறது.

கூழ் மரத்துக்கு டன் கணக்கில் பணம் தருகிறார்கள். வெட்டிய மரமோ நாள்தோறும் ஈரத்தை இழந்து எடை குறைகிறது. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இவ்வட்டாரத்தில் பலாவையும் முந்திரியையும் சவுக்கையும் அடியோடு சாய்த்தது. அத்தகைய வேளையில் எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் மரம் கிடக்கும்; லாரி கிடைப்பது அரிதாகும். கிடைத்த லாரியிலேயே இயன்ற மட்டும் ஏற்றிவிட வேண்டும் என்னும் ஆசை எழுவது இயற்கையே. ஆயினும் அந்த ஆசையின் செலவை யார் தாங்குகிறார்கள் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊரருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைச் சோதனை நடைபெற்றது. வெவ்வேறு எடையுள்ள லாரிகளைச் சோதனைச் சாலைகளில் இடைவிடாது ஓட்டி, சாலை எவ்வாறு சிதைகிறது என அளந்தார்கள். ஓர் அச்சின் மேல் விழும் எடை கூடும்போது சாலையின் தேய்வு அதே அளவில் கூடுவதில்லை. ஏறக்குறைய அதன் நான்காம் படியாகக் கூடுகிறது என்பது அதில் தெரிந்த உண்மை. அதாவது அச்சு எடை இருபது விழுக்காடு மிகுந்தால் தேய்வு இரு மடங்காகும். எடை இரட்டித்தால் தேய்வு பதினாறு மடங்காகும். இரண்டு நடை மரத்தை ஒரே நடையில் கொண்டு போனவர் மிச்சப்படுத்திய டீசலையும், அதனால் உடைந்த சாலையைச் செப்பனிடும் செலவையும் ஒப்பிட்டால் எது மிகுதி என்பது விளங்கும். முன்னது ஒருவர் பையில் சேர்கிறது, பின்னது ஊர்ப் பணத்திலிருந்து போகிறது. கிராமச் சாலைகளின் தார்ப் பரப்பு பெரும்பாலும் 3 மீட்டர் முதல் 3.75 மீட்டர் அகலமே. எதிரே வண்டி வந்தால் பார லாரி ஓரத்து மண்ணில் இறங்கியே தீரவேண்டும். அங்கேதான் தார் விளிம்பு முதலில் பெயர்கிறது. மதகுகள் விரிசல் காண்பதும் இதனாலேயே.

இதற்கு வழி, போக்குவரத்தை இரண்டு கட்டமாகப் பிரித்துக் கொள்வது. தோப்பிலிருந்து தார்ச் சாலை வரை டிராக்டரும் டிரெய்லரும் அளவான பாரத்தோடு பல நடை வரட்டும். கிராமச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தருகே பஞ்சாயத்து ஓர் ஏற்றுக்களம் அமைத்துக் கொடுத்தால், லாரி ஊருக்குள் நுழையவே வேண்டியதில்லை. களம் கிராவல் இட்டு இறுக்கியதாகவும், மழைநீர் வடிவதாகவும், லாரி பின்னோக்கிச் செல்லாமலே திரும்பக்கூடியதாகவும் இருக்கவேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தை எக்காரணத்தாலும் தேர்ந்தெடுக்கலாகாது. நீண்ட கழியைத் தூக்கி நிறுத்தும் ஆளுக்குக் கம்பியின் உயரம் கண்ணுக்குத் தப்பிவிடும். மரத்தை இருமுறை கையாளும் கூலி கூடும் என்று சிலர் சொல்வர். கூடுவது உண்மையே, ஆனால் சேற்றில் சிக்கிய லாரியை மீட்க ஆகும் கூலியை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிராக்டர் ஓட்டுநர் அறியவேண்டியவை சில. டிராக்டருக்கு இடவலமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. உழும்போது அவை தனித்தனியே பயன்படும். சாலைக்கு வருமுன் இரண்டையும் தாழிட்டு ஒன்றாக்க வேண்டும். இல்லாவிடில் அவசரத்தில் ஒரு மிதி மட்டும் அழுந்தி, வண்டி ஒரு பக்கமாகச் சுழலும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாதபோது இறக்கத்தில் பாரம் முழுவதும் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது உயிரை விலையாகக் கேட்கும் சிக்கனம். இரு சக்கர டிரெய்லரில் மரத்தின் எடை அச்சுக்குச் சற்று முன்னே அமையவேண்டும். எடை பின்னே சரிந்தால் ஏர்க்கால் மேலெழும்பி டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பிழக்கும். மிக முன்னே சென்றால் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டெழும், திசைதிருப்ப இயலாது. பாரத்தை எப்போதும் தாழ்ந்த கொக்கியிலேயே மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்த டிராக்டர் ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழக்கூடும்.

மரத்தை அடுக்குவதிலும் ஒரு முறை உண்டு. பட்டை உரித்த பச்சைச் சவுக்கு வழுக்கும் தன்மையுடையது. நீளவாக்கில் அடுக்கினால் இரு பக்கமும் உறுதியான நிறுத்துக் கம்பங்கள் தேவை. ஓரத்தில் கிடக்கும் எந்த மரத்தின் நடுவும் கம்பத்தின் தலைக்கு மேலே போகலாகாது. அதற்கு மேலே குவிப்பதெல்லாம் கயிற்றை மட்டும் நம்பிய பாரம். சிறிது தூரம் ஓடியதும் மரங்கள் ஒன்றோடொன்று படிந்து கயிறு தளர்ந்துவிடும். எனவே நெடுஞ்சாலை ஏறுமுன் ஒருமுறை நிறுத்தி மறுபடி முறுக்கிக் கட்டுவது கட்டாயம். பாரத்தின் மேல் ஆட்களை உட்கார வைத்து அழைத்துச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. பஞ்சாயத்தார் இதை நேரிலேயே தடுக்கலாம்.

நீண்ட கழிகளை வண்டிக்குப் பின்னே நீட்டிக்கொண்டு போவது பெரும் அபாயம். முன்பு விதிகள் பின்புறம் ஒரு மீட்டர் நீட்டத்துக்கு இடம் கொடுத்திருந்தன. 2014ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பாரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாயும், எடை மிகுந்தால் 20,000 ரூபாயோடு மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். மிகையான சரக்கை அங்கேயே இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். இரண்டு அச்சு லாரிக்கு 2018 முதல் 18.5 டன் வரை இடமுண்டு. இது வண்டியின் சொந்த எடையும் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நெடுமரம் ஏற்றுவோர் இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். லாரிக்குப் பின்னே தனிச் சக்கரத் தொகுதி ஒன்று ஒரு நீண்ட தண்டால் இணைந்திருக்கும். மரத்தின் அடி லாரி மேலும் நுனி அத்தொகுதி மேலும் கிடக்கும். திரும்பும்போது வெறுஞ்சக்கரத் தொகுதியை லாரி மேலேயே ஏற்றி வருவார்கள். நம் சவுக்குக் கழிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வண்டியின் தட்டு நீளத்துக்கு ஏற்பத் தோப்பிலேயே கழியை அறுத்துவிடுவது போதும். முழு நீளம் கேட்கும் வியாபாரி அதற்குரிய நீள வண்டியைக் கொணர வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடலாம்.

கோரிமேடு வழியே செல்வோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில அடி தூரத்தில் மாநிலம் மாறுகிறது. சரக்கு வண்டியின் பெர்மிட் இரு பக்கமும் செல்லுபடியாகுமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். விவசாயத்துக்கெனப் பதிவான டிராக்டரைப் பிறர் மரத்துக்கு வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஈடு தர மறுக்கக்கூடும். இரவில் டிரெய்லரின் பின்னே சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் இல்லையெனில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது சாலை நடுவில் நிற்கும் சுவரே.

எடை மேடையில் வெறும் வண்டியையும் பாரவண்டியையும் ஒரே மேடையில், ஒரே நாளில் நிறுக்கச் செய்ய வேண்டும். மரத்துக்குரியவர் உடனிருந்து, வண்டி எண் பொறித்த இரண்டு சீட்டுகளையும் கையோடு பெற்றுக்கொள்ள வேண்டும். வெறும் வண்டியை நிறுக்கும்போது மாற்றுச் சக்கரமும், கயிறு சங்கிலியும், ஓட்டுநரும் வண்டியில் இருந்தால், பாரத்தை நிறுக்கும்போதும் அவ்வாறே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.