தலையெழுத்தா, மாத்திரையா?

களக்காட்டுப் பக்கம் சர்க்கரை, பிரஷர் பேச்சு எழுந்தால் மூன்று பதில்கள் காதில் விழும்: "எல்லாம் தலையெழுத்து", "டாக்டர் பாத்துக்கிடுவாரு", "நாமதாம்ல பாக்கணும்". 1978-இல் அமெரிக்காவில் ஆய்வாளர் வால்ஸ்டன் குழுவினர், உடல்நலம் யார் கையில் என்ற நம்பிக்கையை அளக்க வெளியிட்ட வினாத்தாளிலும் ஏறக்குறைய இதே மூன்று பிரிவுகள்தான்!

● தலையெழுத்து என்பவரிடம் வாதாடாதீர்கள். "சாமியையும் கும்பிடுங்க ஆச்சி, மாத்திரையையும் போடுங்க" என்றால் சண்டையில்லை. மாத்திரைப் பட்டை காப்பித்தூள் டப்பா பக்கத்திலேயே இருக்கட்டும்.

● நம்மைப் போன்ற ஒருவர் செய்து காட்டினால் நமக்கும் 'முடியும்' என்று தோன்றும் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா. அடுத்த வீட்டு மைனி காலையில் நடக்கிறாரா? கூடவே கிளம்புங்கள். முதல் வாரம் வாழைத்தோட்டம் வரை போதும். எடுத்த எடுப்பில் மலையடிவாரத்தில் இருக்கும் தலையணை அணைக்கட்டு வரை போகத் திட்டமிட்டால், மூன்றாம் நாள் வீட்டுத் தலையணைதான் மிஞ்சும்.

● 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தால், அளவைக் கேட்டு காலண்டரில் நீங்களே எழுதுங்கள். எழுதுகிற கைக்குத்தான் அக்கறை வரும். அளவு இறங்கியதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

● திண்ணையில் பீடி பற்ற வைக்கிறவர்களே, பேரன் பார்க்கிறான்; பார்த்துத்தான் அவனும் பழகுவான்.

● பத்தியமாக இருந்தும் சிலருக்குச் சர்க்கரை ஏறும். "வாயைக் கட்டல" என்று ஏசாதீர்கள். பரம்பரையும் வயசும் யார் கையிலும் இல்லை. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.