கடைக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

நமது தோட்டத்துப் பிள்ளைகளில் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் டவுன் கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டு மூன்று கடை பிடித்தால் வீட்டுச் செலவுக்கு ஒத்தாசையாக இருக்கும். இவர்களிடம் முதலாளிமார் முதலில் கேட்பது, "தம்பி, கணக்குக்கு எந்த சொப்ட்வெயார் நல்லம்?" என்பதுதான். அதற்கு எடுத்த எடுப்பில் ஒரு பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடை. தோட்டத்து ஆட்கள் பத்தாம் திகதி சம்பளம் வரும்வரை அரிசி, மா, சீனி எல்லாம் அங்கே கடனுக்குத்தான் எடுப்பார்கள். கணக்கு எழுதப் போன பிள்ளை, தான் படித்த வகுப்பில் சொல்லித் தந்த மென்பொருளையே சிபாரிசு செய்தது. முதலாளியும் காசு கொடுத்து வாங்கினார். விற்பனை, சரக்கிருப்பு, வரி எல்லாம் அழகாக வந்தது. ஆனால் கடன்காரர் பெயரை வெறும் பெயராகவே அடித்து வைத்திருந்தார்கள். ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி! மேற்பிரிவு லெட்சுமி எடுத்த அரிசி கீழ்ப்பிரிவு லெட்சுமியின் தலையில் ஏறிவிட்டது. "நான் அந்த மாசம் அரிசியே எடுக்கலியே" என்று அந்த அம்மா அழ, முதலாளி கணனியைக் காட்ட, விசயம் தோட்டத்துத் தலைவர் வரைக்கும் போனது. கடைப் பையன் துண்டில் எழுதி வைத்திருந்ததால்தான் உண்மை தெரிந்தது. பிள்ளைக்கு அந்தக் கடை வேலை இல்லாமல் போனது.

அந்த மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடையில் முக்கியம் கடன் கொப்பி. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

ஆகவே முதலில் கடையில் அரை நாள் சும்மா உட்கார்ந்து பாருங்க. காசு வியாபாரம் எவ்வளவு, கடன் எவ்வளவு? சாமான் கொண்டு வருபவர்களுக்குப் பின் திகதியிட்ட காசோலை கொடுக்கிறார்களா? கணனியைத் தட்டப் போவது யார்? கடை மூடும் நேரத்தில் முதலாளி தெரிந்துகொள்ள விரும்புவது என்ன? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே மென்பொருளைத் தேட வேண்டும். கடன் வியாபாரம் கூடிய கடை என்றால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரிவு, லயம், வீட்டு இலக்கம் சேர்த்து ஒரு குறியீடு போட இடம் இருக்க வேண்டும். பெயரைத் தமிழில் அடிக்க முடிய வேண்டும். மாத முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்குத் துண்டு அச்சடித்துக் கொடுக்கவும் முடிய வேண்டும். நம்ம ஆட்கள் அதைக் கையில் வைத்துக் கேள்வி கேட்கலாம் அல்லவா?

சின்னக் கடைக்குக் காசேடும் ஒரு எக்செல் தாளும் போதும். அதற்கு மேல் போனால் டாலி, குயிக்புக்ஸ் போன்றவை இருக்கின்றன. குனுகேஷ் இலவசமாகவே கிடைக்கிறது. பாடசாலையில் படித்த இரட்டைப் பதிவு முறை அதில் அப்படியே இருக்கும். ஆனால் கவுண்டரில் பில் அடிக்க அது சரிவராது; சம்பளப் பகுதியும் அதில் கிடையாது.

சம்பளம் போடும் மென்பொருளைச் சோதிப்பது நமக்கு லேசு. சேமலாப நிதிக் கணக்குத் தெரியாதவர்கள் தோட்டத்தில் உண்டா? 30,000 ரூபா சம்பளத்தைப் போட்டுப் பாருங்க. தொழிலாளி பங்கு 8 வீதம் 2,400, முதலாளி பங்கு 12 வீதம் 3,600, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம் 900 என்று வர வேண்டும். கடைசி இரண்டையும் தொழிலாளியின் சம்பளத்தில் கழித்துக் காட்டினால் அதை எடுக்க வேண்டாம்.

கடை வற் வரிக்குப் பதிவு செய்ததா என்றும் கேட்க வேண்டும். பதிவு இல்லாத கடை அந்த வரியை வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது. பதிவு உள்ள கடை என்றால், வரி வீதத்தைத் திகதிவாரியாக மாற்ற முடிகிறதா என்று பாருங்க. 2022 ஜூனில் 8 வீதம் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. புதிய வீதத்தைப் போட்டவுடன் பழைய பில்களும் மாறிவிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இன்டர்நெட்டில் மட்டும் ஓடும் மென்பொருள் நம்ம மலைப் பக்கத்தில் சிக்னல் போனால் நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். கணனிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் என்றால் வாராவாரம் பென் டிரைவில் பிரதி எடுத்து, கடையில் வைக்காமல் முதலாளி வீட்டில் வைக்கச் சொல்லுங்க. பணம் ஒரே தடவையா, வருசா வருசமா என்பதையும் கேளுங்க. கணக்கை எக்செலுக்கு வெளியே எடுக்க வழி இருக்க வேண்டும். இந்தியாவில் குயிக்புக்ஸ் சேவையை அதன் கம்பனி 2023 இல் நிறுத்தியபோது, அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் வேறு இடம் தேட வேண்டி வந்தது.

எதை எடுத்தாலும் முதல் மாதம் கொப்பியை மூட வேண்டாம். இரண்டிலும் எழுதி, பத்தாம் திகதிக்கு முன் வீடு வீடாக ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு ரூபா வித்தியாசம் வந்தாலும் அந்த வீட்டாரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பதிவைத் திருத்துங்க.