பதுளையின் நஞ்சு எந்தக் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். அவர் வசிக்கும் மாநிலத்தின் ஒவ்வொரு கவுண்டியிலும் தொழிற்சாலைகள் வருடத்துக்கு எவ்வளவு நச்சுப்பொருளை வெளியேற்றுகின்றன, இத்தனை வருடத்தில் அது கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வகுப்பில் காட்டினேன். "பதுளைக்கும் மொனராகலைக்கும் இப்படி இருக்கா மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். தேடினேன், கிடைக்கவில்லை. "நம்ம பக்கம் கொழுந்து ஸ்டோர் மட்டும்தானே இருக்கு, பெக்டரி இல்லையே, அப்ப நஞ்சும் இல்லதானே" என்றாள் ஒரு பிள்ளை. அவளுடைய அப்பா பல வருடமாக மலையில் மருந்து அடிக்கிறவர். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? எங்கள் மாவட்டத்தில் நஞ்சு கூடுகிறதா, குறைகிறதா? பிள்ளைகளை வைத்து இதை ஒரு செயற்றிட்டமாகச் செய்ய முடியுமா?

— தோட்டப் பாடசாலை ஆசிரியை, பசறை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, முதலில் நேரான பதில். அப்படியொரு அட்டவணை பதுளைக்கும் இல்லை, மொனராகலைக்கும் இல்லை. தொழிற்சாலைகள் தாம் வெளியேற்றும் நஞ்சை வருடாவருடம் பொதுமக்கள் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் இலங்கையில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, மாசு உண்டாக்கும் தொழிலை நடத்துபவர் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் சிறிய தொழில்கள் சிலவற்றுக்குப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களும் அதைக் கொடுக்கின்றன. உரிமக் கோப்புக்குள் அளவீடுகள் இருக்கும். அவற்றை மாவட்டவாரியாகக் கூட்டி, வருடவாரியாக அடுக்கி நம் முன்னால் வைப்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

உங்கள் மைத்துனர் அனுப்பிய அட்டவணையின் பின்னால் நம் பக்கத்து நாட்டின் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அடுத்த வருடம் அதே கம்பனியின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் கசிவு ஏற்பட்டது. தம் வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்கிறோம் என்பதை அமெரிக்க மக்கள் அப்போது உணர்ந்தார்கள். 1986இல் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டிலிருந்து ஆலைகள் கணக்குக் கொடுக்கத் தொடங்கின. அந்தச் சட்டம் யாரையும் புகையைக் குறைக்கச் சொல்லவில்லை, அளவைச் சொல்லச் சொன்னது. அதுவே வேலை செய்தது. தன் கணக்கு வெளியே வரப்போவதைப் பார்த்த மொன்சாண்டோ கம்பனி, காற்றில் விடும் நச்சை 90 சதவீதம் குறைப்பதாக 1988இல் தானாகவே அறிவித்தது.

ஆனால் அந்த அட்டவணையை வகுப்பில் காட்டும்போது அதை வாசிக்கும் முறையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். 1998இல் உலோகச் சுரங்கங்களும் கணக்குக்குள் கொண்டுவரப்பட்டன. உடனே மொத்தத் தொகை ஏறியது. நாடு ஒரே வருடத்தில் அழுக்காகிவிடவில்லை, எண்ணாமல் விட்டதை எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். சனநெருக்கம் குறைந்த அலாஸ்கா மாநிலம் பட்டியலின் உச்சியில் நிற்பதற்கு அங்குள்ள ரெட் டோக் துத்தநாகச் சுரங்கத்தின் கழிவுப்பாறை காரணம். இறாத்தல் கணக்கில் அது மலையளவு. அதற்காக அலாஸ்காக்காரர்தான் மற்ற எல்லாரையும்விட அதிக நஞ்சைச் சுவாசிக்கிறார் என்று ஆகாது. எடை வேறு, நச்சுத்தன்மை வேறு, அது ஒரு மனித உடலுக்குள் போய்ச் சேர்கிறதா என்பது மூன்றாவது விடயம்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரே தொடர்புள்ள இன்னொன்றும் உண்டு. அந்தச் சட்டம் குறைந்தது 10 முழுநேர ஊழியர்கள் உள்ள, குறிப்பிட்ட வகைத் தொழிற்சாலைகளையே கேட்கிறது. வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கப்படும் களைநாசினியும் பூச்சிநாசினியும் அதில் வராது. கிளைபோசேட்டைக் களைநாசினியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது அதே மொன்சாண்டோதான். ஆலையின் புகைக்குழாயிலிருந்து வெளியேறுவது அட்டவணையில் ஏறும். அதே ஆலையிலிருந்து போத்தலில் அடைபட்டுக் கப்பலேறி, ஒரு தொழிலாளியின் முதுகுத் தாங்கியிலிருந்து மண்ணில் விழுவது எந்த அட்டவணையிலும் ஏறாது. ஆகவே அமெரிக்கச் சட்டத்தை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவந்தால் மொனராகலையில் பெல்வத்தை, செவனகலை சீனி ஆலைகள் தெரியும், பதுளையின் மலைகள் ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். அந்த வெறுமையை நம்பித்தான் உங்கள் மாணவி பேசுகிறாள். அவளுக்கு நான் சொல்வது இது: மகளே, ஊவா மலைகளில் நஞ்சு புகைக்குழாயிலிருந்து வருவதை விடக் கேனில் வருவதுதான் அதிகம். அதைச் சுமப்பவர்களில் ஒருவர் உன் அப்பா.

கூடுகிறதா, குறைகிறதா என்ற கேள்விக்கு ஒரே அம்புக்குறி போட முடியாது. உடனே உயிரைப் பறிக்கும் நஞ்சு இந்த நாட்டில் குறைந்திருக்கிறது. இதை நான் மனதாரச் சொல்கிறேன். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளர் ஒருவரை உருவாக்கியது. மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் போன்ற மிகக் கொடியவை 1995இல் நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் போயிற்று. தோட்டங்களில் எல்லாரும் 'கிரமக்சோன்' என்று அறிந்த பராகுவாட், முறிமருந்தே இல்லாத நஞ்சு. அது 2008க்குப் பிறகு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011இல் முற்றாக நீக்கப்பட்டது. நஞ்சருந்தி இறப்போர் தொகை இந்த முடிவுகளுக்குப் பிறகு பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு மனிதரின் மிக மோசமான ஒரு மணிநேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கிரமக்சோன் இல்லாமல் போனதால் பிழைத்த குடும்பங்கள் உங்கள் லயத்திலும் இருக்கும்.

மெதுவாகச் செயல்படும் நஞ்சின் கதை அப்படியல்ல. அங்கே கொள்கை ஊஞ்சலாடியது. 2015இல் கிளைபோசேட் நாடு முழுவதும் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதி. 2021 மே மாதம் இரசாயன உரம், பீடைகொல்லி இறக்குமதி எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகத் தடை. அந்த வருடம் முடியுமுன்பே அதிலிருந்து பின்வாங்கல். கிளைபோசேட் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டையை விஞ்ஞானிகள் நடத்தட்டும். தோட்டத்தில் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். புல் வளர்வதை நிறுத்தவில்லை. கையால் புல் வெட்ட ஆள் போதவில்லை. சுரண்டியால் எடுத்தால் செங்குத்து மலையில் மழைக்கு மேல்மண் போகும். எனவே வேறு களைநாசினிகள் வந்தன. அவற்றில் எம்சிபிஏ என்பதன் எச்சம் நம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் எச்சரித்தது. கம்பனிகள் பதறின, நாட்டின் பத்திரிகைகள் எழுதின.

பதறியதில் தவறில்லை. ஆனால் என்னை உறுத்துவது இதுதான்: வாங்குபவர் கேட்பதால் தேயிலைத் தூளில் நஞ்சு கோடியில் எத்தனை பங்கு என்றுகூட அளக்கப்படுகிறது. அந்த மலையில் மருந்து அடித்தவரின் உடலை அளக்கும்படி கேட்பதற்கு எந்த வாங்குபவரும் இல்லை. அவர் கச்சான் காற்று வீசும் நாளிலும் பேர் விழவேண்டும், அன்றைய சம்பளம் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தாங்கியைத் தூக்குகிறார். ஊவாத் தேயிலைக்கு மணமும் விலையும் தரும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களின் வறண்ட காற்று, தெளித்ததை முகத்துக்கே திருப்பி அடிக்கும் காற்றும்கூட.

மண்ணில் தங்கிய பழைய கணக்கும் உண்டு. 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அன்றிலிருந்து பல பத்தாண்டுகளாகச் செப்பு கலந்த பூஞ்சண நாசினியை அடித்துத்தான் செடியைக் காப்பாற்றினார்கள். களைநாசினியைப் போலச் செப்பு காலப்போக்கில் சிதைந்து மறையாது, அது உலோகம்.

இன்னொன்றைக் கவனமாகக் கையாளுங்கள். பதுளை ஒரே மாவட்டம் என்றாலும் 15 பிரதேச செயலகப் பிரிவுகள் அதில் உண்டு. அப்புத்தளையின் குளிரும் மகியங்கனையின் வெயிலும் அதற்குள்ளேதான். மகியங்கனைக்கு அப்பால் கிராந்துருகோட்டைப் பக்கம், காரணம் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோயால் நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மலைத் தோட்டங்களில் அந்த நோய் அப்படிப் பரவவில்லை. கடின நீர், புளோரைட்டு, வெப்பம், விவசாய இரசாயனம் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. "மேலே அடித்த மருந்து கீழே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது" என்று பிள்ளைகள் அம்புக்குறி வரைந்தால் தடுத்து நிறுத்துங்கள், அதற்கு ஆதாரம் இல்லை. மாவட்டச் சராசரி எடுத்தாலோ கிராந்துருகோட்டையின் துன்பம் பசறையின் எண்ணிக்கையோடு கலந்து இரண்டும் பொய்யாகிவிடும். மாவட்ட எல்லையை விட ஆற்றுப்படுகை நல்ல அலகு. பதுளு ஓயா மகாவலியில் சேர்கிறது. நமுனுகுலை மலைத்தொடரில் பிறக்கும் மாணிக்க கங்கை புத்தளை வழியாகப் போய், கதிர்காமத்தில் அடியார்கள் குளிக்கும் ஆறாகிறது. உங்கள் வகுப்பின் வரைபடத்தை அந்த நீரோட்டத்தில் தொடங்குங்கள்.

லயத்துக் காம்பராவுக்குள் விறகடுப்பின் புகையும் இருக்கிறது. ஆலையிலிருந்து வராததால் அதையும் எந்த அமெரிக்க அட்டவணையும் எண்ணாது. ஒரு பெண் தன் வாழ்நாளில் சுவாசிக்கும் அழுக்குக் காற்றில் பெரும்பங்கு அந்த அடுப்படியில்தான்.

செயற்றிட்டம் செய்யலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் செய்யுங்கள். நமக்குக் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கைப் பிரசை எவரும் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் ஊவா மாகாண அலுவலகத்திடம், உங்கள் பிரதேச செயலகப் பிரிவில் உரிமம் பெற்ற தொழில்கள் எவை, அவற்றின் கழிவுநீர் அளவீடுகள் என்ன என்று கேளுங்கள். பீடைகொல்லிப் பதிவாளரிடம், தேயிலைக்கு அனுமதிக்கப்பட்ட களைநாசினிகள் எவை, வருடத்துக்கு எவ்வளவு இறக்குமதியாகிறது என்று கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம், உங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, என்னென்ன பார்க்கப்பட்டன என்று கேளுங்கள். பல இடங்களில் கிருமி மட்டும்தான் பார்ப்பார்கள், களைநாசினி எச்சம் வேறு சோதனை.

தோட்டத்துக்குள் எழுதப்படும் கணக்கும் இருக்கிறது. எந்த மலைக்கு எந்த மருந்து, எத்தனை லீற்றர், எந்தத் திகதி என்பது ஸ்டோரிலிருந்து மருந்து வெளியேறும்போது புத்தகத்தில் ஏறுகிறது. தேயிலைக்குச் சர்வதேசச் சான்றிதழ் வாங்கும் தோட்டங்களில் அதை வைத்தே ஆகவேண்டும். ஊவா முழுவதும் உள்ள அந்தப் புத்தகங்களைக் கூட்டினால் நீங்கள் தேடும் அட்டவணை கிடைத்துவிடும். அதைக் கூட்டி வெளியிடும்படி கேட்பது பிள்ளைகளின் வேலையில்லை. தொழிற்சங்கங்களும் மாகாண சபையும் கேட்க வேண்டிய ஒன்று அது. மலையகத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் போராடும் அதே மேசையில் மருந்துப் புத்தகத்தையும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்குக் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணற்று நீரில் கலந்தது குறித்த அடிப்படை உரிமை வழக்கில், அதை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. கிணறு கிணறாக எடுத்த நீர் மாதிரிகள் இல்லாமல் அந்த வழக்கு நின்றிருக்காது.

தகவல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்களை உங்கள் மாணவியின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். மருந்து அடித்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம், பீலியடியில் அலச வேண்டாம். வெறும் மருந்துக் கேனில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்க வேண்டாம், அதைத் தோட்ட ஸ்டோருக்கே திருப்பிக் கொடுங்கள். தாங்கி ஒழுகினால் அன்றைக்கு அடிக்க மறுக்கலாம், அது நியாயம். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். வாய்க்குள் போயிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், போத்தலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.